டிவிடிப் பெட்டியில வாற மேலதிகச் சாமான்: எது வைச்சிருக்கத் தகும், எது வெறும் நிரப்பு?

கரைச்சிப் பொடியன் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனசமூக நிலைய வாசிகசாலைக்கு வெளிநாட்டில இருக்கிற ஊர்க்காரர் டிவிடி அனுப்பியிருக்கினம். மொத்தம் 43. பாதிக்கு மேல லண்டனில இருந்து, பத்து கனடாவில இருந்து, மிச்சம் தமிழ்ப் படங்கள். அலுமாரியில இருபதுக்குத்தான் இடம்.

எடுத்துப் பாக்கப்போறது கூடுதலா உயர்தரத்தில தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிற பிள்ளையள். படத்தை அவை போனிலயே பாத்துப்போடுவினம். ஆனபடியா டிஸ்கை வைச்சிருக்க ஒரே காரணம் அதில கூட வாற சாமான்தான்: கொமென்றறி (படம் ஓடேக்க அதைப் பற்றி ஆக்கள் கதைக்கிற தனி ஒலித்தடம்), மேக்கிங் (படம் எடுத்த விதத்தைக் காட்டிற துண்டு), வெட்டின காட்சியள், அப்பிடியானது.

பெட்டிக்குப் பின்னால எழுதியிருக்கிறதை நம்பலாமோ? கொமென்றறியை முழுக்கக் கேக்காமல் தரம் சொல்ல வழி இருக்கோ? 43ஐயும் ரெண்டு மணித்தியாலப்படி கேக்க ஏலாது. நூற்றுக்குப் புள்ளி போடுவம் எண்டு யோசிக்கிறன், படத்துக்கு 50, மேலதிகத்துக்கு 50. அது சரி வருமோ? கையில இருக்கிறது ஒரு பழைய பிளேயர், டிவிடி ட்ரைவ் உள்ள ஒரு லப்டொப், அதில விஎல்சி எண்ட வீடியோ ஓட்டிற மென்பொருள்.

---

பூநகரிக் காத்து எழுதினது:

தம்பி, புள்ளி பிறகு. முதல்ல 43ஐயும் கவிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கோ. வெள்ளிக் கண்ணாடி மாதிரி இருந்தா ஆலையில அச்சடிச்சது. லேசாப் பொன்நிறம் அடிச்சாலும் அச்சடிச்சதுதான், ரெண்டு அடுக்கு டிஸ்க். ஊதாவோ நீலமோ ஓடினா ஆரோ எழுதின கொப்பி. சந்தேகமா இருந்தா நடு ஓட்டையைச் சுத்தியுள்ள வளையத்தை லைற்றுக்குச் சரிச்சுப் பிடியுங்கோ. முறையா அச்சடிச்ச டிஸ்கில ஐஎஃப்பிஐ (IFPI) எண்டு தொடங்குற நுணுக்கமான குறி இருக்கும்.

இதை ஏன் முதல்ல சொல்றன் எண்டா, ரெண்டு அடுக்கு டிஸ்க் 8.5 ஜிபி, ஒரு அடுக்கு 4.7 ஜிபி. பெரிசைச் சின்னனுக்குள்ள அடக்கிறவன் முதல்ல தூக்கி எறியிறது மேலதிகச் சாமானைத்தான். ஆனா அட்டையை மட்டும் ஒறிஜினலில இருந்து ஸ்கான் பண்ணி அடிச்சிருப்பான். அதால பின்பக்கத்தில "இயக்குநர் உரை, 40 நிமிட மேக்கிங்" எண்டு வடிவா எழுதிக் கிடக்கும், உள்ளுக்குப் பாத்தா ஒண்டும் இராது. கொப்பியளை இப்பவே ஒதுக்கிப்போடுங்கோ. வாசிகசாலைப் பதிவேட்டில ஏத்தவும் கூடாத சாமான் அது.

அடுத்தது வலயம். உலகத்தை வலயம் வலயமாப் பிரிச்சு, ஒரு வலயத்து டிஸ்க் மற்ற வலயத்துப் பிளேயரில ஓடாமல் பூட்டியிருப்பினம். இலங்கை டிவிடி வலயம் 5. லண்டன் டிஸ்க் வலயம் 2, கனடா 1. தமிழ்ப் பட டிஸ்குகள் பெரும்பாலும் எல்லா வலயத்துக்கும் ஓடும். பழைய பிளேயர் மறுத்தா டிஸ்க் பழுது எண்டு எழுதிப்போடாதேங்கோ. லப்டொப்பில விஎல்சி பெரும்பாலும் திறக்கும். விண்டோஸ் "வலயத்தை மாத்தவா" எண்டு கேட்டா மட்டும் அவசரப்பட்டு ஓம் குடுக்காதேங்கோ. ட்ரைவில அஞ்சு தரம்தான் மாத்த விடும், அஞ்சாவதோட கடைசி வலயத்திலயே இறுகிப்போம்.

இனி உள்ளுக்கு என்ன கிடக்குது எண்டு பாக்கிற வழி. பெட்டியையும் நம்பவேண்டாம், மெனுவையும் நம்பவேண்டாம். விஎல்சியில கொன்ட்ரோலும் டி எழுத்தும் சேர்த்து அமத்தினா டிஸ்க் திறக்கிற பெட்டி வரும். அதில "டிஸ்க் மெனு வேண்டாம்" எண்டதில சரி போட்டுத் திறவுங்கோ. பிறகு பிளேபக் மெனுவில ரைற்றில் எண்டதுக்குள்ள போனா டிஸ்கில இருக்கிற ஒவ்வொரு துண்டும் வரிசையா நிக்கும். ஒண்டொண்டாத் தட்டி நீளத்தைக் குறியுங்கோ. ஒரு டிஸ்குக்குப் பத்து நிமிசம் போதும்.

பெட்டிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் வாறது இந்த இடங்களிலதான்:

பெட்டியில "6 குறும்படங்கள்" எண்டு இருக்கும், நீளத்தைக் கூட்டினா 14 நிமிசம். ஒரு நேர்காணலை ஆறாக் கிழிச்சு ஆறு பேர் வைச்சிருப்பினம். எண்ணிக்கையை விட்டிட்டு மொத்த நிமிசத்தை எழுதுங்கோ.

"பாடல்கள்" எண்டு தனி மெனு தமிழ் டிஸ்கில கட்டாயம் இருக்கும். அது மேலதிகம் இல்லை. படத்துக்குள்ளயே பாட்டுத் தொடங்கிற இடத்துக்குப் பாயிற வழி மட்டும். ரைற்றில் பட்டியலில தனியா ஒண்டும் வராது, அதை வைச்சே பிடிக்கலாம்.

மெனுவில இல்லாத துண்டு ரைற்றில் பட்டியலில நிண்டா ஒளிச்சு வைச்ச சாமானா இருக்கலாம், போட்டுப் பாருங்கோ. ஆனா 99 ரைற்றில், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம் எண்டு வந்தா சந்தோசப்பட வேண்டாம். டிவிடியில வைக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை 99. கொப்பி அடிக்கிறவனைக் குழப்ப வைச்ச போலிப் பட்டியல் அது.

கொம்பியூட்டரில போட்டால் வேலை செய்யும் விளையாட்டு, இணையத் தொடுப்பு எண்டதெல்லாம் சுழியம். விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துச் சாமான். படத்தை இணையத்தில பாக்கத் தாற அல்ட்ராவயலற் கோட் உள்ள துண்டுக் கடதாசி பெட்டிக்குள்ள இருந்தா எறியுங்கோ, அந்தச் சேவையை 2019 யூலை 31ஓட மூடியாச்சு.

---

முறிப்புச் சந்தி எழுதினது:

கொமென்றறிக்கு என்ர வழி. முழுக்கக் கேக்கத் தேவையில்லை, ஆனா முதல் பத்து நிமிசத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. தொடக்கத்தில எல்லாரும் ஆயத்தமாத்தான் வருவினம். முப்பத்தஞ்சாம் நிமிசத்துக்குப் பிறகுதான் சரக்கு இருக்கோ இல்லையோ எண்டு தெரியும்.

35இல இருந்து 45 வரைக்கும் ஒரு பத்து நிமிசம் எடுங்கோ. விஎல்சியில ஓடியோ மெனு, ஓடியோ ட்ராக், அதில ரெண்டாவது அல்லது மூண்டாவது. கொமென்றறி பெரும்பாலும் ரெண்டு சனல் ஸ்ரீரியோவா, 192 கிலோபிற்றில இருக்கும். கொன்ட்ரோலும் ஜே எழுத்தும் அமத்தினா கோடெக் விபரம் காட்டும், அங்க ஒத்துப்பாருங்கோ. பிறகு ஒரு தாளில நிமிசத்துக்கு ஒரு குறி. பு எண்டா புதுத் தகவல், பா எண்டா பாராட்டு, க எண்டா திரையில நடக்கிற கதையையே திருப்பிச் சொல்லுறது, ம எண்டா மௌனம், வெ எண்டா வெட்டிக் கதை. உதாரணத்துக்கு ஒரு தாள் இப்பிடி வரும்:

35 - வாசல் ஒரு ஊரில எடுத்தது, உள்வீடு செற் எண்டுறார் - பு
36 - வாசலில வெயில் விழுற பக்கத்துக்குச் செற்றில லைற் எப்பிடி ஒப்பிட்டது - பு
37 - "இவ என்ன அருமையா நடிக்கிறா" - பா
38 - "இப்ப கதவைத் திறக்கிறார்" - க
39 - ம
40 - படப்பிடிப்பில ஆரோ சாப்பாட்டைத் தட்டி ஊத்தின கதை, எல்லாரும் சிரிப்பு - வெ
41 - இந்தப் பார்வை முதல் வெட்டில எட்டு வினாடி, மூண்டாக் குறைச்சதுக்குக் காரணம் - பு
42 - பா
43 - க
44 - மழைச் சத்தம் பிறகு சேர்த்தது, அந்த இடத்தில நாய் குரைச்சதை எடுத்தது - பு

பத்தில நாலு பு. நல்ல கொமென்றறி எண்டு நான் சொல்லுவன், அலுமாரியில வையுங்கோ. ரெண்டு மூண்டு வந்தா படத்தின்ர கடைசிப் பக்கத்தில இன்னொரு பத்து நிமிசம் எடுத்துப் பாருங்கோ. ஒண்டோ சுழியமோ எண்டா விடுங்கோ.

41ஆம் வரியைப் பாருங்கோ. அந்தப் பார்வையைப் பிள்ளையள் திருப்பி ஓடவிட்டு எண்ணலாம், மூண்டு வினாடியா எண்டு சரிபாக்கலாம். இப்பிடியான வரி ஒண்டு, "கஷ்டப்பட்டு எடுத்தம்" எண்ட பத்து வரிக்குச் சமன்.

ஆர் பேசினம் எண்டதும் முக்கியம். நடிகர் நாலு பேர் ஒண்டா இருந்தா வெ தான் கூட வரும். எடிற்றர், ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர் இருந்தா பு கூட வரும். தனித்தனியாப் பதிஞ்சு பிறகு ஒட்டின கொமென்றறியும் உண்டு. குரல் மாறேக்க ஆளுக்காள் பதில் சொல்லாமல் போனா அதுதான். ஒட்டினதில மௌனம் குறைவு, தகவல் நெருக்கம். ஆனா சில நேரம் திரையில ஓடுற காட்சிக்கும் பேச்சுக்கும் தொடர்பிராது. அப்பிடியெண்டா அது கொமென்றறி இல்லை, படத்துக்கு மேல ஓடவிட்ட நேர்காணல்.

"இயக்குநர் பேசாட்டி அது என்ன கொமென்றறி" எண்டு தள்ளிப்போடாதேங்கோ. 1984இல கிரைட்டீரியன் எண்ட கொம்பனியின்ர லேசர் டிஸ்கில (டிவிடிக்கு முந்தின பெரிய டிஸ்க்) முதன்முதல் வந்த கொமென்றறியே அப்பிடி இல்லை. 1933ஆம் ஆண்டுக் கிங் கொங் படத்துக்கு றொனால்ட் ஹேவர் பேசினது அது. அவர் ஒரு நூதனசாலையின்ர திரைப்படப் பிரிவுப் பொறுப்பாளர், அந்தப் படத்தில வேலை செய்த ஆள் இல்லை. படிச்ச ஆள் பேசினா "நாங்கள் எல்லாரும் குடும்பம் மாதிரி" வராது.

கடைசியா ஒண்டு, எங்கட பிள்ளையளுக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிசு: கொமென்றறிக்கே சப்ரைற்றில் இருக்கோ எண்டு பாருங்கோ. டிவிடியில 32 சப்ரைற்றில் தடம் வைக்க இடமிருக்கு. வைச்சிருக்கிறவை குறைவு, வைச்சிருந்தா அந்த டிஸ்கை ஒரு படி மேல தூக்குங்கோ.

---

நெடுங்கேணி அக்கா எழுதினது:

முறிப்புச் சந்தி சொன்னது சரி. நான் மேக்கிங் பற்றியும் வெட்டின காட்சியள் பற்றியும் எழுதுறன்.

மேக்கிங் ரெண்டு சாதி. ஒண்டு படம் வர முதல் விளம்பரத்துக்கு எண்டு செய்தது. மற்றது படம் வந்து வருசக்கணக்காப் போன பிறகு ஆக்களைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டது. உடுப்பைப் பாத்தே சொல்லலாம். நடிகர் படத்து உடுப்போட, பின்னால லைற் ஸ்ராண்ட் தெரிய நிண்டு கதைச்சா முதல் சாதி. அந்த நேரம் படம் ஓடுமோ ஓடாதோ ஆருக்கும் தெரியாது, ஆனபடியா ஒருத்தரும் ஒரு பிழையும் சொல்ல மாட்டினம். நரைச்ச தலையோட வீட்டுக் கதிரையில இருந்து கதைச்சா ரெண்டாவது சாதி. அதில "அந்த முடிவு பிழை, இப்ப எண்டா வேற மாதிரி எடுப்பன்" எண்டு வர இடமிருக்கு.

அளக்கிற வழி: போனில ஸ்ரொப்வொச்சைத் திறவுங்கோ. மேக்கிங் ஓடேக்க படத்தின்ர துண்டு திரையில வரேக்கெல்லாம் ஓடவிட்டு, ஆள் முகமோ படப்பிடிப்புத் தளமோ வரேக்க நிப்பாட்டுங்கோ. கடைசியில நிக்கிற நேரத்தை மொத்தத்தில கழியுங்கோ. 22 நிமிச மேக்கிங்கில 12 நிமிசம் படத்துண்டு எண்டா உண்மையில அது 10 நிமிசச் சாமான். பட்டியலில 10 எண்டே எழுதுங்கோ. படத்துண்டு வாறதே குற்றம் எண்டில்லை. எடிற்றர் "இதில இருந்து இதுக்கு வெட்டினன்" எண்டு சொல்லேக்க அந்தத் துண்டு கட்டாயம் வேணும். அதுக்கு ஸ்ரொப்வொச்சைத் தட்டாதேங்கோ.

தமிழ் டிஸ்கில கொமென்றறி தேடாதேங்கோ, மிக அரிது. வாறது இசை வெளியீட்டு விழா, பாட்டுப் போட்டு ஓடவிட்ட மேக்கிங், வேற படங்களின்ர ட்ரெயிலர். இசை வெளியீட்டு விழாவில பொன்னாடை போத்திறது, மேடையில வரிசையா வாழ்த்துறது எல்லாம் கழிச்சாப் பிள்ளையளுக்கு மிஞ்சிறது ஒண்டுமில்லை. ஆனா பாட்டுப் போட்ட மேக்கிங்கை உடன எறியாதேங்கோ. சத்தத்தை முழுக்கக் குறைச்சுப்போட்டு ஒருக்காப் பாருங்கோ. பாட்டு நடுவில ட்ரொலித் தண்டவாளம் எங்க போட்டிருக்கு, ரிஃப்லெக்ரர் பலகையை ஆர் எந்தப் பக்கம் பிடிச்சிருக்கினம், கூட்டத்துக்குப் பின்னால கிரேன் எவ்வளவு உயரம் எண்டு தெரிஞ்சா, ஒரு சொல்லும் இல்லாமலே அது நல்ல பாடம். இயக்குநர் கண்ணாடி போட்டுக் கை காட்டிறது மட்டும்தான் வருது எண்டா விடுங்கோ.

வெட்டின காட்சிக்கு நான் மூண்டு கேள்வி கேப்பன். படத்தில எந்த இடத்தில இருந்தது எண்டு சொல்லியிருக்கோ? ஏன் வெட்டினது எண்டு சொல்லியிருக்கோ, எழுத்திலயோ குரலிலயோ? நிறமும் ஒலியும் முடிச்சிருக்கோ? மூண்டாவதுக்கு இல்லை எண்டா அது குறை இல்லை, படிக்கிற பிள்ளைக்கு அதுதான் கூட நல்லது. முடிக்காத துண்டில கமராவில பதிஞ்ச நேரடிச் சத்தம் கேக்கும், நேரக்குறி ஓடும், பின்னணி இசை இல்லாமல் காட்சி எவ்வளவு வெறுமையாக் கிடக்கு எண்டு கண்ணால பாக்கலாம். முதல் ரெண்டுக்கும் பதில் இல்லாட்டி மட்டும் தள்ளுங்கோ.

இன்னொண்டு கவனம், தம்பி. பிள்ளையளிட்டக் குடுக்க முதல் வெட்டின காட்சியளை நீங்கள் ஒருக்காப் பாக்க வேணும். வட அமெரிக்க டிஸ்குகளில மேலதிகச் சாமான் தரப்படுத்தப்படேல்லை எண்டு சின்ன எழுத்தில போட்டிருக்கும். பெட்டியில இருக்கிற வயது வரம்பு படத்துக்கு மட்டும்தான். லண்டன் டிஸ்க் எண்டா, அதில உள்ளதுகளுக்குள்ள ஆகக் கூடினது எதுவோ அந்த வரம்பைப் பெட்டியில போடுவினம், அதை நம்பலாம்.

---

கரைச்சிப் பொடியன் எழுதினது:

பெரிய உதவி. அடிப்பக்கம் பாத்து முடிஞ்சுது: 9 கொப்பி, அதில 3 "ஒரு டிஸ்கில அஞ்சு படம்". மிச்சம் 34.

மூண்டு சந்தேகம். லண்டன் டிஸ்க் ஒண்டில படம் 144 நிமிசம் எண்டு வருது, இணையத்தில 150 எண்டு கிடக்கு. வெட்டின பதிப்போ? ஒரு டிஸ்கில டொக்குமென்றி ஓடேக்க ஆள் கை அசைச்சா சீப்பு மாதிரிக் கோடு கோடா வருது, டிஸ்க் பழுதோ? மற்றது, மேலதிகம் கூடக் கூடப் படத்தின்ர தரம் குறையும் எண்டு ஒருத்தர் சொன்னார், உண்மையோ? உண்மையெண்டா கொமென்றறி உள்ளதுக்குப் புள்ளி குறைக்க வேணுமோ?

---

ஓமந்தைக் கணக்கு எழுதினது:

144 வெட்டு இல்லை. படம் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). லண்டன் டிஸ்க் பால் (PAL) எண்ட ரீவி முறை, வினாடிக்கு 25. சட்டம் கூட்டாமல் வேகத்தைத்தான் கூட்டிறவை. 150ஐ 24ஆல பெருக்கி 25ஆல பிரியுங்கோ, 144 வரும். குரலும் கொஞ்சம் கீச்சிடும். உங்கட டிஸ்கில ஒரு சட்டமும் குறையேல்லை. கனடா டிஸ்க் என்டிஎஸ்சி (NTSC) எண்ட வட அமெரிக்க ரீவி முறை, அதில இந்த வேக வித்தியாசம் இல்லை. அதால நீளத்தை ஒப்பிடேக்க லண்டனை லண்டனோட ஒப்பிடுங்கோ.

சீப்புக் கோடு பழுது இல்லை. டொக்குமென்றியை வீடியோக் கமராவில எடுத்திருப்பினம். ஒரு சட்டத்தின்ர ஒற்றைக் கோடு ஒரு கணம், இரட்டைக் கோடு அடுத்த கணம். பழைய குழாய் ரீவியில தெரியாது, லப்டொப் திரையில தெரியும். விஎல்சியில வீடியோ மெனு, டிஇன்ரலேஸ், ஓன். அதுக்குப் பிறகும் அசைவு திக்கித் திக்கி வந்தா, அமெரிக்க வீடியோவைப் பாலுக்கு மாத்தேக்க ஏற்பட்டது. அதைத் திருத்தேலாது, ஆனா ஆள் இருந்து கதைக்கிற நேர்காணலுக்கு அது பெரிய தொந்தரவில்லை.

மூண்டாவது கேள்விக்குக் கணக்கு. 2 மணி 40 நிமிசப் படம், 9600 வினாடி. ஒரு அடுக்கு டிஸ்கில படம் மட்டும் எண்டா சராசரி வினாடிக்கு 3.9 மெகாபிற் தரவு கிடைக்கும். அதே டிஸ்கில அரை மணித்தியால மேக்கிங்கைச் செருகினா 3.3 ஆகும். அது கண்ணுக்குத் தெரியும். ரெண்டு அடுக்கில 7.1, மேக்கிங்கோட 6. அது தெரியாது.

கொமென்றறிக்கு இந்தக் கணக்கு வேற. 192 கிலோபிற், 9600 வினாடி, வாறது 230 எம்பி. 4.7 ஜிபியில நூற்றுக்கு அஞ்சு கூட இல்லை. ஆனபடியா கொமென்றறிக்குப் புள்ளி குறைக்கிறது அநியாயம். குறைக்கிறதெண்டா ஒரு அடுக்கு டிஸ்கில நீளமான படத்தோட வீடியோ மேலதிகத்தைத் திணிச்சதுக்குக் குறையுங்கோ. ரெண்டாவது டிஸ்கில வைச்சிருந்தா ஒரு குறையும் இல்லை.

கண்ணால பாக்கிறதெண்டா மழை, புகை, தண்ணி அலை, இருட்டுக் காட்சி இதுகளைத் தேடுங்கோ. முகத்தில பாத்துத் தரம் சொல்லேலாது, முகம் லேசா அடங்கும். தண்ணி அலையில ஒவ்வொரு சட்டமும் புதுசு, பிற் போதாட்டிச் சதுரம் சதுரமா உடையும். இரணைமடுக் குளம் வான் பாயேக்க போனில எடுத்து வைபரில அனுப்பினாக் களியாப் போறதும் இதாலதான்.

அந்த அஞ்சு படக் கொப்பிக்கும் கணக்கைப் பாருங்கோ: ரெண்டரை மணித்தியாலப்படி அஞ்சு படம் 45,000 வினாடி. ஒலியும் சேர்த்து வினாடிக்கு 0.84 மெகாபிற். பழைய விசிடியில படத்துக்கு மட்டுமே 1.15 இருந்தது.

---

பூநகரிக் காத்து எழுதினது:

ஓமந்தை, மேக்கிங் செருகினது "கண்ணுக்குத் தெரியும்" எண்டது உங்கட கண்ணுக்கு. வாசிகசாலைப் புரொஜெக்ரரில, யன்னலால வெளிச்சம் வர வர, 3.9க்கும் 3.3க்கும் வித்தியாசம் பிடிக்கிறவன் இன்னும் பிறக்கேல்லை. அதுக்காக மேக்கிங் உள்ள டிஸ்கைத் தள்ளவேண்டாம். கணக்குச் சரி, தீர்ப்புத்தான் எனக்கு ஒத்துவரேல்லை.

தம்பி, உங்கட 50க்கு 50இலயும் எனக்கு உடன்பாடில்லை. நீங்களே சொன்னியள், படத்தைப் பிள்ளையள் போனில பாப்பினம் எண்டு. பிறகு படத்துக்கு ஏன் 50? நல்ல படத்தின்ர வெறும் டிஸ்க் 45 எடுத்துக்கொண்டு இருக்கும், சுமார் படத்தின்ர அருமையான கொமென்றறி டிஸ்கைத் தள்ளிப்போடும். படத்துக்குப் புள்ளியே வேண்டாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு எண் மட்டும் எழுதுங்கோ: கழிச்சது போகத் தேறின நிமிசம். மேக்கிங்கில அக்கா சொன்ன கழிவு. கொமென்றறியில பத்தில நாலு பு எண்டா 120 நிமிசப் படத்துக்கு 48 நிமிசம். வெட்டின காட்சியில விளக்கம் உள்ளதின்ர நீளம். ட்ரெயிலர், படத் தொகுப்பு, பாட்டு மெனு எல்லாம் சுழியம். கூட்டிப்போட்டுப் பெரிசில இருந்து சின்னனுக்கு அடுக்கினா மேல் இருபது தானா வரும்.

ஒரு விதிவிலக்கு. கதைப்பலகையையும் (எடுக்க முதல் கீறி வைச்ச காட்சிப் படங்கள்) எடுத்த காட்சியையும் பக்கம் பக்கமா ஓடவிட்ட துண்டு இருந்தா, நாலு நிமிசம் எண்டாலும் அந்த டிஸ்கை வையுங்கோ. நிமிசக் கணக்கு அதுக்கு நியாயம் செய்யாது. வகுப்பில ரெண்டு பாடவேளை ஓட்டலாம்.

பழைய படங்களில "புதுப்பிக்க முதல், புதுப்பிச்ச பிறகு" எண்டு திரையைப் பாதியாப் பிரிச்சுக் காட்டிற துண்டு வரும். அதில ஏமாறாதேங்கோ. "முதல்" எண்டு காட்டிறது பெரும்பாலும் படச்சுருளை ஸ்கான் பண்ணின கையோட இருக்கிற, நிறம் திருத்தாத வெளிறின படம். அந்தக் காலத்துத் தியேட்டரிலயும் அப்பிடி ஓடேல்லை, பழைய டிவிடியிலயும் அப்பிடி இல்லை. சுத்த எத்தினை கீறல், கிழிஞ்ச சட்டத்துக்கு என்ன செய்தவை, எந்தப் பிரதியில இருந்து எடுத்தவை எண்டு ஆள் வந்து சொன்னா எண்ணுங்கோ. வெறும் பாதித்திரை மட்டும் எண்டா சுழியம்.

---

முறிப்புச் சந்தி எழுதினது:

நிமிசக் கணக்கு நல்லது, ஆனா ஒரே கதை ரெண்டு இடத்தில வந்தா ஒருக்காத்தான் எண்ண வேணும். மேக்கிங்கில சொன்ன சம்பவத்தையே இயக்குநர் கொமென்றறியிலயும் சொல்லுவார், அதே சொல், அதே சிரிப்பு. மேக்கிங்கை முதல் பாத்திட்டுக் கொமென்றறித் தாளுக்குப் போங்கோ. முதலே கேட்டது வந்தா பு போடாமல் வெ போடுங்கோ.

ஆங்கிலம் வேகமா ஓடுற கொமென்றறிக்கு: விஎல்சியில இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை ஒருக்கா அமத்தினா வேகம் பத்தில ஒரு பங்கு குறையும். ரெண்டு தரம் அமத்தினா 0.8. அதுக்குக் கீழ போனாக் குரல் இழுபட்டு இன்னும் விளங்காது. வலப்பக்க அடைப்புக்குறி திருப்பிக் கூட்டும். லண்டன் டிஸ்குக்கு ஒருக்காவாவது அமத்துங்கோ, அது முதலே வேகமாத்தானே ஓடுது.

---

நெடுங்கேணி அக்கா எழுதினது:

தெரிவு செய்த இருபதுக்கும் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கடதாசி வையுங்கோ, தம்பி. "கொமென்றறி: எடிற்றர், ஓடியோ 3. முக்கியம் 41ஆம் நிமிசம், வெட்டு. 44, மழைச் சத்தம்." அவ்வளவும் போதும். ஒரு டிஸ்க் முழுக்கப் பாக்க எந்தப் பிள்ளைக்கும் நேரமில்லை, நிமிசம் எழுதியிருந்தாத் தட்டிப் பாக்குங்கள். உங்களிட்ட ஏற்கெனவே முறிப்புச் சந்தியின்ர தாள் இருக்கும், அதில பு விழுந்த வரியளை மட்டும் பாத்து எழுதினாச் சரி.

---

ஓமந்தைக் கணக்கு எழுதினது:

பூநகரியார் சொன்ன புரொஜெக்ரர் விசயத்தை ஏற்கிறன், பகலில தெரியாது.

பிள்ளையள் கை மாறிப் போற டிஸ்க் எண்டபடியால் துடைக்கிற முறையையும் அந்தக் கடதாசியில எழுதிவிடுங்கோ. நடு ஓட்டையில இருந்து விளிம்புக்கு நேரா இழுக்க வேணும், வட்டமாத் தேய்க்கக்கூடாது. தடம் வட்டமாத்தான் ஓடுது. குறுக்கால விழுந்த கீறல் ஒவ்வொரு சுத்திலயும் ஒரு புள்ளியைத்தான் மறைக்கும், பிளேயர் அதைக் கணிச்சு நிரப்பும். தடத்தோட ஓடின கீறல் தொடர்ச்சியாத் தரவை விழுங்கும், அங்க படம் நிக்கும். ரெண்டு அடுக்கு டிஸ்க் படத்துக்கு நடுவில நிண்டா முதல்ல வெளி விளிம்பைப் பாருங்கோ. ஒரு அடுக்கு முடிஞ்சு மற்றதுக்குத் தாவுறது பெரும்பாலும் வெளிப்பக்கத்திலதான், பிள்ளையள் விரல் வைச்சுத் தூக்கிறதும் அந்த விளிம்பிலதான். எங்கட செம்மண் புழுதி மணல் மாதிரி உரசும். முதல்ல ஊதிப்போட்டு, பிறகு ஈரப் பருத்தித் துணி.

அலுமாரியில புத்தகம் மாதிரி நிமிர்த்தி, கீழ்த் தட்டில வையுங்கோ. மேல் தட்டு தகரத்துக்குக் கிட்ட எண்டா சித்திரை வெக்கைக்குப் பெட்டிக்குள்ள டிஸ்க் வளையும். வளைஞ்ச டிஸ்கில முதல்ல போறது வெளி விளிம்புதான்.